மேம்பால நிழலில் ஒரு நிறுத்தம்

டிப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். யாரையும் உரசியதில்லை, யாரையும் திட்டியதும் இல்லை. நகரத்தின் இந்த மூலையில் கிளம்பி அந்த மூலைக்குப் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரமாகும். கோடையில் இன்ஜின் அனல் காலைச் சுடும். முழங்கால்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்.

அந்தத் தடத்தில் ஆஸ்பத்திரி நிறுத்தம்தான் அவருக்குத் தீராத தலைவலி. பலகை மட்டும் வெட்டவெளியில் நிற்கும், கூரை கிடையாது. அதற்கு அறுபதடி முன்னால் மேம்பாலத்தின் நிழல். ஜனங்கள் அங்கே ஒதுங்கியிருந்து, பேருந்து தங்களைத் தாண்டியதும் பின்னாலேயே ஓடி வருவார்கள். எக்ஸ்ரே உறையும் மாத்திரைப் பையுமாக வயதானவர்கள் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் நிழலிலேயே நிறுத்தினார். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

மூன்றாம் வாரம் யாரோ புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டார்.

“உங்க இஷ்டத்துக்கு நிறுத்துறீங்களாமே?”

“வெயில் தாங்க முடியல சார். எல்லாரும் நிழல்லதான் நிக்கிறாங்க.”

“வெயிலுக்கு நான் என்ன பண்ண முடியும்? பலகை எங்க இருக்கோ அங்க நிறுத்துங்க. இன்னொரு தடவை புகார் வந்தா மெமோதான்.”

அவர் பழையபடி பலகையிலேயே நிறுத்தத் தொடங்கினார். ஆனால் அந்த வார விடுமுறையன்று, பகல் ஒரு மணிக்குப் போய்ப் பலகைக்குக் கீழே பயணியாக நின்றார். இரண்டு பேருந்துகள் நிரம்பி வழிந்து நிற்காமல் போயின. அரை மணி நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருத்தி கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்துவந்து தண்ணீர் கொடுத்தாள்.

“என்னண்ணே, வண்டி ஓட்டுறவரு இங்க வந்து ஏன் நிக்கிறீங்க?”

“நின்னு பாக்கலாம்னுதாம்மா.”

“பாத்தாச்சா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. தெளிந்ததும் போய்ப் பலகையைப் பார்த்தார். கம்பத்தை சிமென்ட் நிரப்பிய டிரம்மில் நட்டிருந்தார்கள். தள்ளினார், லேசாக ஆடியது.

“நாலு பேர் கை வெச்சா நகரும்” என்றார், தனக்குத்தானே.

அந்தப் பெண் காத்திருக்கவில்லை. வாட்ச்மேனையும் இரண்டு வார்டு ஊழியர்களையும் சத்தம் போட்டு அழைத்தாள். பட்டப்பகலில், ஐந்து பேருமாக டிரம்மைச் சாய்த்து நிழலுக்கு உருட்டினார்கள். போக்குவரத்துக் காவலர் வந்து, “யார் சொல்லி நகர்த்துறீங்க?” என்றார். “டிரைவரே நிக்கிறாரு, பாருங்க சார்” என்றாள் அவள். நிதானம் வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தை மேலிடத்து உத்தரவு என்று எடுத்துக்கொண்ட காவலர், கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்.

மறுநாள் காலையில் நிதானம் தானாகவே மேனேஜரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வேலைக்கே உலை வைத்தாலும் வைக்கட்டும் என்றிருந்தது. மேனேஜர் கேட்டார்.

“இப்ப பலகை இருக்கிற இடத்துலதானே நிறுத்துறீங்க?”

“ஆமா சார்.”

“அப்புறம் என்ன? போய் வண்டிய எடுங்க.”

ஒரு மாதம் கழித்து, கூட்டத்தில் நசுங்கியபடி அந்தப் பெண் முன்பக்கம் வந்து குறைபட்டுக்கொண்டாள். “நிழல் இருக்குன்னு இப்ப எல்லாரும் இங்கயே ஏறுறாங்கண்ணே. எனக்கு உக்கார இடமே இல்ல.”

இன்னொரு பேருந்தை அவர் எங்கிருந்து உருட்டிக்கொண்டு வருவார்?