கடுவனுக்குச் சர்க்கரை

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நாலு, வளர்த்தது பதினொன்று. டெல்லி லோதி ரோடு கவர்மென்ட் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்தவள் நான். அம்மாமார் ஆபீசுக்குப் போனபின் என் இடுப்பில் ஏறி வளர்ந்த பிள்ளைகள் ஆறு. அதில் ஒருத்தி இன்று வெளிநாட்டில் பெரிய டாக்டர். அவள் வாயில் முதல் சோறு ஊட்டியது நான்தான். நாலும் ஆறும் பத்துதானே என்பீர்கள். பதினொன்றாவது என் கடுவன் பூனை.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் நம்பர் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். மற்றதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றித்தான் எழுதுவாளாம். மாற்றட்டும். விஷயம் மாறாமல் இருந்தால் போதும்.

கடுவன் எங்கள் மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் சாக்கடை ஓரம் கண் திறக்காத குட்டியாகக் கிடந்தவன். என் சின்ன மகனுக்கு கிளார்க் வேலை கிடைத்துக் குவார்ட்டர்ஸ் வந்தபோது, கடுவன் இல்லாமல் நான் வரமாட்டேன் என்றேன். காய்கறிப் பையில் உட்கார்ந்து ஆட்டோவில் வந்தான். யார் யார் வீட்டிலோ நான் தரை துடைத்த அதே மாதிரி வீடு. வந்த அன்றே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டான். எனக்குத்தான் அந்த வீட்டில் நாற்காலியில் உட்காரக் கொஞ்ச நாள் பிடித்தது.

மீன் குழம்புச் சோறு, பால் சோறு, மருமகள் பார்க்காத நேரத்தில் ரஸ்க் என்று வளர்ந்தான். போன கோடையில் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. தடவினால் முதுகெலும்பு கையில் தட்டியது. இந்தத் தாகமும் இளைப்பும் என் வீட்டுக்காரருக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது. அவனுக்குச் சர்க்கரை என்று சொன்னேன்.

மகன் சிரித்தான். "யம்மா, பூனைக்கு ஏதும்மா சுகர்? அது என்ன ஆபீசுக்கா போவுது, டென்ஷன் ஆவறதுக்கு?"

பூனை டாக்டர் ஒரு சின்னப் பெண். கடுவனின் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மிஷினில் வைத்தாள். மகன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"மாஜி, சோறு பந்த்," என்றாள் டாக்டர். "பால் பந்த். ரொட்டி, ரஸ்க் எல்லாம் பந்த். உப்பில்லாம வேகவெச்ச கோழி, முட்டை மட்டும் குடுங்க. இன்னும் ரொம்ப முத்தல. சாப்பாட்டுலயே இறங்குதான்னு கொஞ்ச நாள் பாக்கலாம். இறங்கலேன்னா தினம் ரெண்டு வேளை ஊசி."

திரும்பி வரும்போது ஆட்டோவில் மகன் மெதுவாக ஆரம்பித்தான். "ரெண்டு வேளை ஊசி யாரும்மா போடறது? நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ். உனக்குக் கை நடுங்குது. ஊசின்னு வந்துட்டா, பிராணிங்களப் பாத்துக்கற எடம் இருக்கு, அங்கதான் விடணும்."

"பதினொண்ணுல ஒண்ணக்கூட நான் எங்கயும் கொண்டு போய் விட்டதில்ல," என்றேன். "சோத்துலயே எறக்கிக் காட்டறேன், பாரு."

சொல்லிவிட்டேன். ஆனால் தின்ன வேண்டியவன் அவன். உப்பில்லாத கோழியைத் தட்டில் வைத்தேன். மோந்து பார்த்தான். தட்டைச் சுற்றித் தரையைக் காலால் பறண்டினான், மண் போட்டு மூடுவது போல. என் சமையலை அப்படி அவமானப்படுத்தியவர் இதற்கு முன் ஒருவர்தான். அவர் கையால் தாலியாவது கட்டிக்கொண்டேன். ஆறிய கோழி வேண்டாம், சூடான கோழி வேண்டாம், கை சூட்டில் இருக்க வேண்டும். நார் நாராகப் பிய்த்து விரலில் வைத்து ஊட்ட வேண்டும். கடைசியில் நெத்திலிக் கருவாட்டை ஊறவைத்து, உப்புப் போக அலசி, வறுத்துப் பொடித்து ஒரு சிட்டிகை மேலே தூவினேன். காது நிமிர்ந்தது. தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகள் மிஷினோடு உட்காருவாள். முதலில் அவன் காது, அடுத்து என் விரல். இரண்டு பேருக்கும் இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, "அச்சா மாஜி, நீங்களே டாக்டர்," என்றாள். அதை மகனிடம் பலமுறை சொன்னேன்.

அப்போது புரட்டாசி பிறந்தது. மருமகள் கறிச்சட்டியைப் பரணில் ஏற்றினாள்.

"அத்தை, என் அடுப்புல இந்த மாசம் கோழி ஏறாது."

"கடுவன் பெருமாளுக்கு விரதம் இருக்க மாட்டான்மா."

"அவன் இருக்க வேணாம். என் அடுப்பு இருக்குது."

சரி என்று பின்பக்க பால்கனியில் சின்ன கரண்ட் அடுப்பை வைத்து வேகவைத்தேன். ஆனால் கடுவன் தின்னவில்லை. கருவாட்டுப் பொடிக்கும் மசியவில்லை. இளைக்கவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காதில் குத்தினால், மிஷினில் நம்பர் முன்பு இருந்ததற்கும் மேலே போய் நின்றது. மகன் போனை எடுத்து அந்தப் பிராணி இடத்து நம்பரைத் தேட ஆரம்பித்தான்.

நான் மருமகளைப் பிடித்தேன். "ஏம்மா, ரஸ்க் எதுனா குடுத்தியா?"

"நானா? அவன் சோபாவக் கிழிச்சதுலேர்ந்து நான் அவன் மூஞ்சியே பாக்கறதில்ல, ரஸ்க் குடுக்கறனாக்கும். உங்க தலகாணி அடியில ரஸ்க் பாக்கெட் இருந்துச்சே, அது யாருது?"

"அது என்னுது."

பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் கோழிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனேன். படி ஏறினான். நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால், இரண்டு தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். மீசையெல்லாம் வெள்ளை. தட்டு கழுவிவைத்த மாதிரி இருந்தது. என் கையிலிருந்த கோழியை ஒரு தரம் பார்த்துவிட்டு வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டான்.

புரிந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஷ்ராத் காலம். செத்துப்போன பெரியவர்களுக்கு அவரவர் திதியில் கீரும் பூரியும் செய்து, முதல் பங்கை மாடியில் காக்காவுக்கு வைப்பார்கள். கீர் என்றால் அரிசி போட்ட பால் பாயசம்தான். எங்கள் பிளாக்கில் தினம் யாராவது ஒரு வீட்டில் திதி. டெல்லியில் காக்கா எங்கே இருக்கிறது? எல்லாம் புறா. புறா பாயசத்தைச் சீண்டாது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அமாவாசை தோறும் நானும் அதே மாடியில் என் வீட்டுக்காரருக்குப் பாயசம் வைக்கிறேன். தட்டு பளபளவென்று காலியாகும். "பாரு, எவ்ளோ ஆசையா வந்து சாப்ட்டுட்டுப் போயிருக்காரு" என்று மருமகளிடம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து கடுவனை வீட்டுக்குள் போட்டுப் பூட்டினேன். ஊளையிட்டான். வேறு வழியில்லாமல் கோழி தின்றான். நான் ஜெயித்தேன் என்று நினைத்த சாயங்காலம், மேல் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் எறும்பு மொய்த்த தட்டோடு என் வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவப்பு. அன்று அவர் மாமனார் திதி. அவரை நான் தீதி, அதாவது அக்கா, என்பேன். அவர் சொன்னது இந்தியில். அதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"அம்மாஜி, பாபுஜி தொடவே இல்ல. வருஷா வருஷம் வந்து சாப்பிடுவார். நான் என்ன தப்பு பண்ணேன்? பாதாம் கூடப் போட்டேனே!"

சும்மா இருந்தால் அந்த அம்மாள் ராத்திரி தூங்கமாட்டார். கடுவனைத் திறந்துவிட்டால் அவனுக்கு ஊசி, அப்புறம் அந்தப் பிராணி இடம். உண்மையைச் சொன்னால் பிளாக் முழுக்க என் மகன் தலையைக் காட்ட முடியாது. மகன் தலை பரவாயில்லை என்று முடிவு செய்தேன்.

"தீதி, அழுவாதீங்க. வருஷா வருஷம் வந்தது எங்க கடுவன்."

அழுகை நின்றது. என் தோளுக்கு மேலே எட்டி வீட்டுக்குள் பார்த்தார். கடுவன் கட்டிலில் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தான்.

"எல்லா வருஷமுமா?"

"நாங்க குடி வந்ததுலேர்ந்து."

"தட்ட நக்குவானா?"

"ஒரு பருக்கை வைக்கமாட்டான்."

"பாபுஜியும் அப்படித்தான்," என்றார். "மீசையக்கூட இப்படித்தான் சுத்தம் பண்ணுவார். அம்மாஜி, அரே, அவர் இவன் வழியா வரலேன்னு நாம எப்படிச் சொல்றது?" தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தார். "இருங்க, எறும்ப ஊதிட்டு நானே ஊட்டறேன்!"

இரண்டு கையையும் வாசலில் குறுக்கே வைத்தேன். "அவனுக்குச் சுகர், தீதி!"

"பாபுஜிக்கும் சுகர்!" என்றவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "கடைசி வருஷம் ஒரு ஸ்பூன் கீர் குடுன்னு கெஞ்சினார். டாக்டர் கூடாதுன்னார். நான் குடுக்கல. அதனாலதான் இப்பப் பாதாம் போட்டுச் செய்யறேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் வீட்டுக்காரர் பாயசம் கேட்டது எனக்கும் ஞாபகம் வந்தது. நானும் கொடுக்கவில்லை.

"நாம குடுக்காததாலதான் அவங்க அவ்ளோ நாள் இருந்தாங்க," என்றேன். என்னிடமே யாராவது சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்த வார்த்தை அது. நானே சொல்ல வேண்டியதாயிற்று.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப அவருக்கு என்ன வைக்கறது?"

பூனை டாக்டருக்குப் போன் போட்டோம். உப்பில்லாத பன்னீர்க் கட்டி, துளியூண்டு, பரவாயில்லை என்றாள். அன்று இருட்டுவதற்குள் பாபுஜிக்குப் பன்னீர் வந்தது. கடுவனைத் திறந்துவிட்டேன். தின்றுவிட்டுத் தட்டை நக்கினான். தீதி கையெடுத்துக் கும்பிட்டார். மிச்சத்தை அவரே பார்த்துக்கொண்டார். யார் வீட்டில் என்ன சொன்னாரோ, அதற்கப்புறம் திதி வந்த வீட்டிலெல்லாம் பெரியவர்களுக்கு விரல் நுனியளவு பன்னீர்தான். அமாவாசை அன்று நானும் அதையே வைத்தேன், பக்கத்தில் பாகற்காய்ப் பொரியல். "இருந்த வரைக்கும் சொன்ன பேச்சு கேக்கல. இப்பவாவது கேளு" என்று மேலே பார்த்துச் சொன்னேன். பன்னீர் போயிற்று. பாகற்காய் அப்படியே இருந்தது. அவரேதான் வந்திருப்பாரோ என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம்.

அடுத்த தடவை டாக்டர் குத்திப் பார்த்துவிட்டு, "ஊசி வேணாம் மாஜி, இப்படியே போகட்டும்," என்றாள். மகன் கடுவன் இருந்த பையை என்னிடமிருந்து வாங்கி, ஆட்டோவில் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் என் விரலில் குத்தினாள். மிஷினைப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். திரும்பக் குத்தினாள். "அத்தை, அவனுக்கு எறங்கி உங்களுக்கு ஏறியிருக்குதே, எப்படி?"

மிஷின் பழசாகிவிட்டது என்றேன்.

தீதிக்குக் கீர் செய்யாமல் கை நிற்காது. பாபுஜிதான் பத்தியத்துக்குப் போய்விட்டாரே. பாதாம் போட்ட பாயசத்தைக் கொட்ட முடியுமா?

போதும் கண்ணு, பேனாவ வெய்யி. இப்ப மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. கடுவனுக்கு எறங்கின எடத்த நல்லாச் சத்தமாப் படி, உங்கப்பன் காதுல வுழட்டும். கடைசில வர்ற கீர் சமாச்சாரத்த மட்டும் மெதுவாப் படி. உங்கம்மா அடுப்பங்கரையிலதான் இருக்கா.