சம்பந்தி கொண்டுவந்த ஈட்டி

என் மகன் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஜெர்மனியிலிருந்து வந்த சம்பந்தி எங்கள் மயிலாப்பூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு ஈட்டி முனையை எடுத்து வைத்தார்.

மருமகளாக வரவிருந்த பெண் அடையாறில் ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவள். நாலு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறாள். தமிழை ஆட்டோக்காரர்களிடமும் பூக்காரம்மாவிடமும் கற்றுக்கொண்டாள். அம்மா இல்லாத பெண். அப்பா மட்டும் தனியாக வந்திருந்தார். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர், நல்ல உயரம். வந்ததிலிருந்து அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரே பெண்ணை இத்தனை தூரத்தில் கொடுக்க மனமில்லையோ, கடைசி நேரத்தில் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். தி.நகர் ஜவுளிக் கடையில் முப்பது வருஷம் புடவை விரித்துக் காட்டியவன் நான். பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இவர் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

ஈட்டி முனை ஒரு சாண் நீளம், குறுகலாக, எண்ணெய்க் கறுப்பாக இருந்தது. பக்கத்தில் இன்னொரு இரும்புச் சாமான். என் மனைவி அதைத்தான் முதலில் கையில் எடுத்தாள்.

"தாளிக்கிற சட்டியா? பிடியைக் காணோமே?"

கூட வந்திருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐய, சட்டி இல்ல அத்தே! கேடயத்துக்கு நடுவுல வைக்கிறது. பின்னால கை இருக்கும். வெட்டு கைல படாது."

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர்கள் நாட்டுப் பழங்குடிகள் வைத்திருந்தது போன்றவையாம். இவரும் சிநேகிதர்களும் லீவு நாட்களில் அந்தக் காலத்து ஆட்கள் போல உடுத்திக்கொண்டு காட்டில் போய்த் தங்குவார்களாம். குளிர்காலம் முழுக்க இவரே இரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்தாராம்.

"கொம்பு வச்ச தொப்பி போட்டுப்பாங்களே, அவங்களா?" என்று கேட்டேன். அவள் அதை அப்பாவிடம் சொன்னாள். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"கொம்பெல்லாம் சும்மா கதை மாமா. முக்காவாசிப் பேருக்குத் தொப்பியே கெடையாது. இரும்பு கம்மி. கத்தி கூட பெரிய ஆளுங்களுக்குத்தான். மத்தவங்களுக்கு ஒரு ஈட்டி, ஒரு பலகைக் கேடயம். அவ்ளோதான்."

"கவசம்?"

"அதுவும் இல்ல."

அது என் மனதில் நின்றுவிட்டது. குளித்துவிட்டு வந்ததும், தலை முதல் கால் வரை முருகன் காக்க வேண்டும் என்று தினமும் கவசம் சொல்கிறவன் நான். வெறும் உடம்போடு சண்டைக்குப் போனவர்களை நினைத்தால் பாவமாக இருந்தது.

"இது மாப்பிள்ளைக்கு" என்று மட்டும் அவர் பெண் மூலமாகச் சொன்னார். மறுநாள் வந்து கம்பும் பலகையும் பொருத்துவதாகச் சொல்லிவிட்டு, ஆழ்வார்பேட்டையில் தங்கியிருந்த அறைக்குப் போய்விட்டார்.

"கல்யாண வீட்ல ஈட்டியா? சம்பந்தி சண்டைக்கே வந்துட்டாருன்னு எதிர் வீட்டம்மா ஊரெல்லாம் சொல்லுவா" என்றாள் மனைவி.

"கூர் இருக்கிறதெல்லாம் முருகனோடதுதான். பேசாம இரு" என்றேன்.

அன்றைக்குக் கிருத்திகை. எங்கள் பித்தளை வேலுக்கு அபிஷேகம் செய்யும்போது, கல்யாணப் பொருளாயிற்றே, இதற்கும் செய்தால் என்ன என்று தோன்றியது. கறுப்பு அழுக்கு என்று நினைத்து, புளி போட்டு நன்றாகத் தேய்த்தேன். வெள்ளி மாதிரி வந்தது. பாலும் தண்ணீரும் ஊற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சூட்டி, வேலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

காலையில் விளக்கேற்றப் போனேன். வேல் பளபளவென்று இருந்தது. ஈட்டி செங்கல் நிறத்தில் துருப்பிடித்துக் கிடந்தது.

"ஏங்க, இரும்புன்னு தெரியாதா உங்களுக்கு? என் தோசைக்கல்லை என்னைக்காவது ஈரத்தோட விட்டிருக்கேனா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். துணியில் சுற்றி வைத்துவிடுவோம், கல்யாணம் முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்றாள். பையன் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனே முருகா என்று நின்றேன்.

அதற்குள் வாசலில் மணி அடித்தது. அப்பாவும் பெண்ணும் கம்பும் பலகையுமாக நின்றார்கள். சாமிக்கு முன்னால் நடந்ததை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஈட்டியைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினேன். "தப்பு என்னோடதும்மா. சாமிக்குச் செய்யிற மாதிரி செஞ்சிட்டேன். அப்பாகிட்ட சொல்லு."

அவள் சொன்னாள். அவர் கட்டைவிரலால் துருவைத் தடவினார். சிவப்பும் மஞ்சளும் என்ன என்று கேட்டார். பூஜை அலமாரியைக் காட்டினேன். அங்கே இருந்த பித்தளை வேலின் மேலேயே அவர் கண் நின்றது. பிறகு காலை மடக்க முடியாமல் மடக்கித் தரையில் உட்கார்ந்து, நிறுத்தாமல் பேசினார். பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்குச் சொல்லவே மறந்துவிட்டாள்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்று அவள் ஆட்டோக்காரத் தமிழ் என் வாயிலேயே வந்துவிட்டது.

"அப்பா ஊர்லருந்து கெளம்பும்போதே பயந்துகினு கீறாரு மாமா. அந்தக் காலத்துல கல்யாணத்துக்கு மாப்ள பொண்ணுக்கு மாடு, குதிரை, கேடயம், ஈட்டி குடுப்பானாம். பொண்ணும் அவனுக்கு ஒரு ஆயுதம் குடுப்பாளாம். அம்மா இல்ல, பொண்ணு வூட்டு சார்பா இன்னா செய்யணும்னு இவருக்குத் தெரியல. அதான் இத செஞ்சாரு. நீங்க தப்பா எடுத்துப்பீங்க, பரண்ல தூக்கிப் போட்டுடுவீங்கன்னு வந்ததுலருந்து தூங்கல. நீங்க சாமி பக்கத்துல வச்சிருக்கீங்க."

கவசம் இல்லாமல் வந்து நின்றவர் அவர்தான். அது தெரியாமல் நான் பயந்துகொண்டிருந்தேன்.

"அப்போ மாடு நாமதான் வாங்கணுமா?" என்றாள் மனைவி.

பெண் அதைச் சொன்னதும் அவர் சிரித்தார் பாருங்கள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். என் வயிற்றில் அப்போதுதான் பால் வார்த்தது போல இருந்தது. துரு ஒன்றும் பெரிய விஷயமில்லை, குளிர்காலம் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டினேன், எண்ணெய் கொடுங்கள் என்றார். மனைவி தேங்காய் எண்ணெயும் தேய்க்கிற கம்பி நாரும் கொண்டுவந்தாள். நான் பிடித்துக்கொண்டேன், அவர் தேய்த்தார். அடியில், கம்பு நுழைகிற இடத்தில் நான் வைத்த குங்குமப் பொட்டை மட்டும் தொடாமல் சுற்றித் துடைத்தார்.

கல்யாணத்தன்று சீர்த்தட்டில் பழம், தேங்காய், வெற்றிலை பாக்கோடு அந்த ஈட்டி முனையும் போயிற்று. எதிர் வீட்டம்மாவே தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இப்போது அது கம்போடு எங்கள் கூடத்துச் சுவரில், கேடயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிருத்திகைக்குப் பால் பித்தளை வேலுக்கு மட்டும்தான். இரும்புக்கு ஒரு சொட்டு எண்ணெய், அதுவும் மனைவி பக்கத்தில் நின்று பார்த்தால்தான். அன்றைக்கு வீடியோவில் சம்பந்தி வருவார். "எண்ணெய்?" என்பார். போனைச் சுவர்ப்பக்கம் திருப்புவேன். குங்குமம் இருக்கிறதா என்று முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்ப்பார்.