மடியில் விழுந்த வேப்பிலை

அறுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். காலையில் கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ, பதினோரு மணிக்கு. இந்த வேலை கிடைக்காவிட்டால் கல்யாணம்தான் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைகூடப் பார்த்து வைத்தாயிற்று. எனக்கோ எப்படியாவது சொந்தக் காலில் நின்றுவிட வேண்டும் என்ற வெறி.

ஆனால் என் உடம்பு இருக்கிறதே, அது எனக்கு ஜென்ம விரோதி. வெயில் ஏறினாலும் சரி, கோபமோ பயமோ வந்தாலும் சரி, கழுத்திலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிடும். ஊசியால் குத்துகிற மாதிரி அரிப்பு. காணாக்கடி என்று சொல்லி அம்மா கம்பளியால் தேய்த்துவிடுவாள். மனசு ஆறி, உடம்பு குளிர்ந்தால் தானாக அடங்கும். அதற்காகவே எங்கே போனாலும் ஒரு ஈரத் துணியைக் கையோடு கொண்டு போவேன்.

பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டார். பஸ் நிறையக் கூட்டம், காற்று கிடையாது. ரயில் வருகிற வழியாகவும் தெரியவில்லை. பதினொன்றுக்குப் போக முடியாதோ என்று நினைத்ததுதான் தாமதம், கழுத்தில் சுருக்கென்றது. ஈரத் துணியை எடுத்தால் அது எப்போதோ காய்ந்து போயிருந்தது. சொறியக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். முழங்கை வரை தடிப்பு இறங்கிவிட்டது.

முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். சட்டென்று எழுந்து கைகூப்பினாள்.

"ஆத்தா வந்திருக்கா" என்றாள்.

அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் நகர்ந்தார்கள். அந்தக் காலத்தில் அம்மை என்றால் உயிர் போகிற விஷயம். அதே சமயம் அது மாரியம்மன். அதனால் யாரும் என்னைத் திட்டவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கீழே இறங்கி வேப்பிலை ஒடித்து வந்து, தொடாமல் என் மடியில் போட்டார். கும்பிட்டுக்கொண்டே என்னை விரட்டினார்கள்.

"இது அம்மை இல்லீங்க, அரிப்பு" என்று கத்தினேன். கத்தக் கத்தக் கோபம், கோபம் வர வரத் தடிப்பு. முகத்துக்கும் ஏறிவிட்டது. இனி யார் நம்புவார்கள்?

கண்டக்டர் தள்ளி நின்று கைகூப்பினார். "தப்பா நெனைக்காதம்மா. கொழந்த குட்டிங்கள்லாம் வருது. அந்தப் புளியமரத்து நெழல்ல எறங்கிக்க, ஆத்தா உன்ன பாத்துக்குவா."

வேலை போயிற்று என்று தெரிந்துவிட்டது. மாமா பார்த்த மாப்பிள்ளை கண்முன் வந்து நின்றார். அழுதுகொண்டே பையை எடுத்தேன்.

அப்போது பின் சீட்டிலிருந்து ஒரு முஸ்லிம் அம்மா எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சலே இல்ல. இந்தப் புள்ள ஏறும்போது நான் பாத்தேன், கை சுத்தமா இருந்திச்சு. அம்மை இப்படி வெயில்ல நிக்கிற நேரத்துக்குள்ள போடுமா? அது எப்படி இருக்கும்னு என் மொகத்த கேளுங்க."

"நீங்க சொல்லிட்டா ஆச்சாம்மா?" என்று கண்டக்டர் இழுத்தார்.

அந்த அம்மா என் மடியில் கிடந்த வேப்பிலையைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தன் குழந்தையை உட்கார வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் எனக்கு விசிறினார்.

குழந்தை என் வளையலைப் பிடித்து இழுத்தது. ரயில் போனது, கேட் திறந்தது, காற்று வந்தது. குழந்தை அப்படியே என்மேல் சாய்ந்து தூங்கிவிட்டது. அதை எழுப்பிவிடக் கூடாதே என்ற கவலையில் அழுகையை மறந்துவிட்டேன். சிதம்பரம் நெருங்கும்போது கை பழையபடி ஆகியிருந்தது. "அட, காணோமே" என்று முன் சீட்டுக்காரி மெல்லச் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், பரங்கிப்பேட்டைக்கு எந்த பஸ் என்று அந்த அம்மா விசாரித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரங்கிப்பேட்டைக்குப் போகிறவர் வழியில் வந்த முட்லூரிலேயே இறங்கியிருக்க வேண்டும்.

"உன்ன வுட்டுட்டு எறங்கினா இவுங்க மறுபடி ஆரம்பிச்சிருப்பாங்கல்ல. போ, நேரமாவுது" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

ஓடினேன். வேலை கிடைத்தது. நான் பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை மாமாவால் கல்யாணத்தைப் பற்றி வாயைத் திறக்க முடியவில்லை.

அரிப்பு இந்த வயதிலும் வரத்தான் செய்கிறது. வந்தால் கண்ணை மூடி, அந்தக் குழந்தையின் பாரத்தை மடியில் நினைத்துக்கொள்வேன்; எங்கேயாவது எல்லாரும் ஒருவரைவிட்டு விலகுவதைப் பார்த்தால், தன் ஊரைத் தாண்டி எனக்காக வந்த அந்த அம்மாவை நினைத்து, நான் போய் அப்படித் தனியாக விடப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.