நான் வெட்டிய பந்தி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இருபது வருடமாக அகதி விண்ணப்பம் எழுதிப் பிழைக்கும் நான், ஒரு முழு அரசியல் கட்சியை டிலீட் பட்டனால் அழித்திருக்கிறேன். சிரிய அரசாங்கத்தால் முடியாததை, சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் சலூனுக்கு மேல்மாடி அலுவலகத்தில், தேத்தண்ணி ஆறுவதற்குள் செய்து முடித்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

கப்ரியேல் வடகிழக்குச் சிரியாவில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். சிரியாக் கிறிஸ்தவர், வீட்டில் பேசுவது அரபு அல்ல, சிரியாக் மொழி. உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, அந்த மொழியைப் பள்ளியில் படிப்பிக்க வேண்டும் என்று கேட்ட சின்னக் கட்சி ஒன்றுக்கு அவர் ஊர்ச் செயலாளர். அதற்காக அரசாங்கம் ஐந்து மாதம் அடைத்து வைத்தது. ஆயுதக் குழுக்கள் கிறிஸ்தவர் என்று தேடின. அரசாங்கத்தை எதிர்த்ததால் சொந்தப் பாதிரியாரே காட்டிக்கொடுப்பவன் என்றார், ஊரும் சேர்ந்து சொன்னது. விசிட்டர் விசாவில் சிட்னி வந்து சேர்ந்தார். மனைவியும் ஆறு வயது மகளும் பெய்ரூட்டில் ஒற்றை அறையில் இருந்தார்கள். இவருக்குப் பாதுகாப்பு விசா கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிட முடியும்.

அவர் சொல்ல எல்லாவற்றையும் எழுதினேன். பிறகு கட்சியைப் பற்றிய ஏழெட்டு வரிப் பந்தியை வெட்டிவிட்டு, சிறைக்குக் காரணம் சமயம் என்று மாற்றினேன். இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்குப் பேப்பரில் 'அமைப்பு' என்ற சொல்லைக் கண்டாலே பயம். ஆயுதம் தூக்கினாயா, காசு சேர்த்தாயா என்று அதிகாரிகள் கேட்டு, செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்று வருடக்கணக்கில் இழுப்பார்கள். என் சொந்த அகதி விண்ணப்பத்தின்படி நான் கோயிலையும் டியூஷனையும் தவிர வேறெங்கும் போகாத பிள்ளை.

நானும் கப்ரியேலும் பேசியது ஆங்கிலத்தில்தான். என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே கிடக்கிறது.

"கிறிஸ்தவர் எண்டதே காணும். கட்சி வேண்டாம்," என்றேன்.

"அதாலதானே என்னைப் பிடிச்சவங்கள்."

"என்னை நம்புங்கோ."

நம்பினார்.

விசா இன்ரவியூவில் அதிகாரி ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்த படமொன்றை மேசையில் வைத்தார். கட்சிக் கொடிக்குக் கீழே நின்று கப்ரியேல் பேசிக்கொண்டிருக்கிறார். இது ஏன் ஸ்டேட்மென்டில் இல்லை என்று கேட்டார். பக்கத்துக் கதிரையில் நான் இருந்தேன். கப்ரியேல் என் பக்கம் திரும்பவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லி, கட்சிக் கதையை அப்போதுதான் சொன்னார். ஐந்து மாதம் சிறையிருந்த காரணத்தை மறந்துவிட்டாராம். ஊரே காட்டிக்கொடுப்பவன் என்ற மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நிராகரிப்புக் கடிதம் வந்தது. கட்சிக் கதை பிறகு சேர்த்தது என்று எழுதியிருந்தார்கள். அது என் பிழை, ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த வரியை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. உண்மையாக இருந்தாலும் இவ்வளவு சின்னக் கட்சியில் இருந்தவரை யாரும் தேடப்போவதில்லையாம். தவிர, அந்த அரசாங்கம் சிறுபான்மையினரைப் பாதுகாக்கிறதாம். பூட்டி வைத்ததும் பாதுகாப்புத்தானே. சின்னதாக இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று இவர்களுக்கு யார் சொன்னது? சின்னதைத்தான் முதலில் துடைப்பார்கள். எங்கள் ஊரில், அழிந்துபோன சின்ன அமைப்புகளின் பழைய போஸ்டர் ஒட்டிய மதில்களுக்குக்கூட அது தெரியும்.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு, அலுவலகத்தின் சொந்தக்காரி, லோயர் சுகந்தி அக்காவிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் நான் எழுதிய ஸ்டேட்மென்டை முழுக்க வாசித்தார்.

"நீர் அவற்ர பயத்தை எழுதேல்லை. உம்மட பயத்தை எழுதியிருக்கிறீர். வெட்டினது நான்தான் எண்டு அப்பீல் கேக்கிற ட்ரிபியூனலுக்கு எழுதிக் குடும்."

"என்ர ஏஜென்ட் ரெஜிஸ்ட்ரேஷன் போகும், அக்கா."

"போகட்டும். அந்த மனுசன்ர பெண்சாதி பெய்ரூட்டில நிக்கிறா."

எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்கு மூன்று வருடம் எடுத்தது. ட்ரிபியூனல் என் வாக்குமூலத்தையும் அவர் கதையையும் நம்பியது. விசா கிடைத்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, அது நியாயம். ஆறு வயதில் விட்டுவந்த மகள் விமான நிலையத்தில் இறங்கியபோது வயது பத்து. அப்பாவுக்குக் கை கொடுத்தாள், விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல. அந்த நாலு வருடத்தில் என் டிலீட் பட்டனின் பங்கு எவ்வளவு என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை, பார்க்கத் தைரியமில்லை.

ஆகவே, தம்பி தங்கைகளே, ஆள் சொல்வதை எழுதுங்கள். உங்கள் பயத்துக்கு வேறு பைல் திறவுங்கள்.

குடும்பம் வந்த பிறகு கப்ரியேல் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சோற்றின் நடுவே எனக்கு வீரம் வந்தது. முப்பது வருடமாக எவரிடமும் சொல்லாததைச் சொன்னேன்: பதினேழு வயதில் நானும் ஒரு சின்ன அமைப்பில் இருந்தவன். பெயரைக்கூடச் சொன்னேன். 

கப்ரியேல் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எத்தனை பேர்?"

"எங்கட ஊரில பதினொரு பேர்."

கரண்டியைத் திரும்ப எடுத்தார்.

"அது கட்சியில்லை," என்றார். "ஃபுட்பால் டீம்."