மாதாவின் காலடியில் ஒரு மூலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் இளைய மகள் பெரியபிள்ளையானாள். பிள்ளையின் வயிற்றுவலியை விட, ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் பார்த்த மண்டபத்தின் கார் பார்க் போதுமோ என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. பூப்பு நீராட்டு விழாவான சாமத்தியவீடு பிள்ளைக்காகச் செய்வது என்று சொல்லிக்கொள்வோம். அகதியாக வந்தவர்களுக்கு இப்போது வீடும் கடையும் உண்டு என்பதை லண்டன் முழுவதற்கும் அறிவிக்க அதைவிட வசதியான சடங்கு கிடையாது.

மண்டபம் பேசி முடித்த கிழமை, மூத்தவள் என்னை அருங்காட்சியகத்துக்கு இழுத்துப்போனாள். அவள் ஏ லெவலில் கலை வரலாறு படித்தாள்; உறவினர்களிடம் உயிரியல் என்று சொல்லிவைத்திருந்தேன். மறுமலர்ச்சிக் கால இத்தாலியப் பளிங்குச் சிற்பம் ஒன்றின் முன்னால் நின்றாள். நடுவில் குழந்தையோடு மாதா. பழக்கதோஷத்தில் கைகூப்பப் போனேன்.

"மாதாவை விடுங்கோ அம்மா. கீழை மூலையைப் பாருங்கோ."

அங்கே ஒரு தொந்திக்காரர் முழந்தாளில் நின்றார்.

"ஆர், பக்தனோ?"

"காசு குடுத்துச் செய்விச்ச வியாபாரி. தான் ஆரெண்டு ஊருக்குக் காட்டத்தான் இவ்வளவும். பீடத்திலை இருக்கிறது அவரின்ரை குடும்பச் சின்னம்."

"பாவம், அடக்கமாத்தானே கும்பிடுறார்."

"ஓம், அடக்கத்தையும் பளிங்கிலை செய்விச்சிருக்கிறார்." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "தங்கச்சியையும் உப்பிடித்தானே நடுவிலை இருத்தப்போறீங்கள். என்னை இருத்தின மாதிரி."

திரும்பும் ரயிலில், கோட்டுப் பொத்தானைப் பூட்டவில்லை என்று அவளை ஏசினேன்.

வீட்டு முன்னறையில் அவளுடைய சாமத்தியவீட்டுப் படம் பெரிதாக மாட்டியிருந்தது. வருடக்கணக்காக அதற்குத் தூசி தட்டியவள் நான். அன்றுதான் பார்த்தேன். நடுவில் சிம்மாசனம், நகை, அசையாத முகம். கீழ் மூலையில் அவளுடைய சேலை மடிப்பைச் சரிசெய்தபடி, முழந்தாளில் நான். கை மடிப்பில் இருந்தது. கண் கமராவில் இருந்தது.

இளையவளைக் கூப்பிட்டேன். "பிள்ளை, உனக்கு இது விருப்பமோ?"

"வேண்டாமெண்டு சொல்லலாமோ, அம்மா?"

குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

மண்டபத்தை வேண்டாமென்று விட்டோம். பிள்ளைக்குப் பரீட்சை என்று உறவினர்களிடம் சொன்னோம். அதற்குமேல் எங்கள் ஆட்களில் எவரும் கேள்வி கேட்பதில்லை. மூத்தவளிடம் அவளுடைய படத்தைக் கழற்றிவிடவா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் அம்மா," என்றாள். "செய்விச்ச ஆளின்ரை முகமும் ஒரு இடத்திலை இருக்கத்தானே வேணும்."