சுங்கைப்பட்டாணி வரை நாலு பாட்டு

ரயில் சத்தத்தைக் கேட்பதற்கென்றே சனிக்கிழமை காலையில் யாராவது வீட்டை விட்டுக் கிளம்புவார்களா? போன மாதம் நானும் என் அக்கா சரோஜாவும் கிளம்பினோம். பினாங்கிலிருந்து சுங்கைப்பட்டாணி. ரயிலில் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கண் அழுத்த நோயில் அக்காவுக்கு மூன்று வருடத்தில் பார்வை முழுதாகப் போய்விட்டது. டத்தோ கிராமாட்டில் வாடகை வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். சமைப்பது, துவைப்பது எல்லாம் அவளே. மகள் கவிதா சுங்கைப்பட்டாணியில். அம்மா தனியாகக் கிடக்கிறாளே என்று கவிதாவுக்குத் தூக்கம் வருவதில்லை. கடைசியில், "அம்மா, ஒங்களால தனியா ரயிலேறி இங்க வர முடியும்னா அந்த வீட்டுலயே இருங்க. முடியலன்னா வீட்டக் காலி பண்ணிட்டு எங்கூட வந்துடுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அக்காவும் சரி என்றுவிட்டாள். அதற்கான ஒத்திகைதான் இந்தப் பயணம்.

காலை 7.45க்கு வீட்டிலிருந்து படகுத்துறைக்குக் கார், ஒன்பது வெள்ளி (ரிங்கிட்). ஃபெர்ரிக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி; காசாக நீட்டாதீர்கள், அட்டை வேண்டும். பட்டர்வொர்த்தில் இறங்கிக் கூரை போட்ட நடைபாதையில் பத்து நிமிடம் நடந்தால் ரயில் நிலையம். அக்கா வெள்ளைத் தடியைத் தட்டிக்கொண்டு முன்னால் போனாள். நான் பின்னால் "இடது பக்கம்க்கா, படிக்கா, தூண் இருக்குக்கா" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒத்துக்கொள்கிறேன்.

ரயில் 9.25க்கு. நிலையங்களின் பெயரை உள்ளே அறிவிப்பார்கள். ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில், பிள்ளைகள் போடும் கூச்சலில், அது காதில் விழும் என்று நம்பி உட்கார முடியாது. அக்காவிடம் வேறு திட்டம் இருந்தது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் சின்னச் சின்ன மோட்டார்களைச் சோதித்து அனுப்பும் வேலை பார்த்தவள். ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டே நல்லது கெட்டது பிரித்துவிடுவாள்.

"மின்சார ரயில் கெளம்பறப்ப பாடும்டா" என்றாள். "ஒவ்வொரு ஸ்டேஷன்ல கெளம்பறப்பவும் ஒரு பாட்டு. பட்டர்வொர்த், புக்கிட் தெங்கா, புக்கிட் மெர்தாஜாம், தாசேக் குளுகோர். நாலு பாட்டு முடிஞ்சா அடுத்து நிக்கறது சுங்கைப்பட்டாணி."

கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் வண்டி நகர்ந்ததும் நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். அட, உண்மைதான்! முதலில் ஒரு 'ம்ம்ம்' என்ற முனகல். அது மெல்ல மேலே ஏறுகிறது. சட்டென்று கீழே விழுந்து மறுபடி ஏறுகிறது, லாரிக்காரர் கியர் மாற்றுவது போல. மூன்றாவது முறை ஏறி, மெலிந்து, சக்கரச் சத்தத்தில் கரைந்துவிடுகிறது. மேல்கம்பியிலிருந்து வரும் மின்சாரத்தை நறுக்கி நறுக்கி மோட்டாருக்குக் கொடுக்கும் கருவி ஒன்று இருக்கிறதாம். வேகம் கூடக் கூட நறுக்கும் விதம் மாறும், அதனால் சத்தமும் மாறும். இத்தனை வருடம் இதே ரயிலில் போயிருக்கிறேன், ஒரு நாளும் இதைக் கவனித்ததில்லை.

அக்கா முதல் பெட்டியில். வண்டி ஏறும்போதே என்னைக் கடைசிப் பெட்டிக்கு விரட்டிவிட்டிருந்தாள். "நீ பக்கத்துல இருந்தா ஒன் வாய்தான் கேக்கும், ரயில் கேக்காது. போ லா!"

புக்கிட் தெங்காவைத் தாண்டியதும் வந்தது வினை. நடுவழியில் சிக்னலுக்காக வண்டி நின்றது. இரண்டு நிமிடத்தில் கிளம்பியது. ம்ம்ம் என்று ஏறியது. நிலையமே இல்லாத இடத்தில் ஒரு பாட்டு! அக்கா இதையும் சேர்த்து எண்ணியிருந்தால் புக்கிட் மெர்தாஜாமிலேயே நாலு முடிந்துவிடும். தாசேக் குளுகோரில் இறங்கி நிற்பாள். அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை.

பெட்டிகளுக்குள்ளேயே நடந்து போகலாம்தான். ஆனால் பை, கூடை, தள்ளுவண்டி என்று வழியெல்லாம் அடைத்துக் கிடந்தது. புக்கிட் மெர்தாஜாமில் கூட்டத்தை விலக்கிக் கதவை எட்டுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. தாசேக் குளுகோரில் கதவு திறந்ததும் வெளியே குதித்து முதல் பெட்டியை நோக்கி ஓடினேன். ஐம்பது வயசு, தொப்பை, காலில் செருப்பு. கண்ணாடி வழியே பார்த்தால் அக்கா தடியை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்கவே இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

வண்டி என் கண் முன்னாலேயே ம்ம்ம் என்று பாடிக்கொண்டு போய்விட்டது. நான் நடைமேடையில். அக்கா தனியாக உள்ளே.

அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். செயலியில் கார் பிடித்தேன். இருபத்து நாலு வெள்ளி. ஓட்டுநர் நம்ம ஆள்.

"ஏண்ணே இப்படி வேர்த்து ஊத்துது?" என்று கேட்டார். சொன்னேன்.

"அக்கா மகளுக்கு ஒரு போன் போடுங்கண்ணே. ஸ்டேஷன்லதான நிக்குது?"

அங்கேதான் சிக்கல். கவிதா அங்கே வாசலில் காத்திருந்தாள். அம்மாவைத் தொலைத்துவிட்டேன் என்று நானே சொன்னால் அக்காவின் வீடு அன்றோடு போச்சு. சொல்லாமல் விட்டு அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போனைக் கையில் வைத்துக்கொண்டு கடவுளே கடவுளே என்று உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினைந்து நிமிடம் எதிரிக்கும் வரக்கூடாது.

போன் அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்க? நான் எறங்கி வாசலுக்கே வந்துட்டேன். ஒரு மலாய்க்காரப் பிள்ள லிஃப்ட் வரைக்கும் கூட்டிட்டு வந்துச்சு. நல்ல பிள்ள."

நான் முதலில் கேட்டது இதைத்தான்: "அந்த சிக்னல எண்ணலையாக்கா?"

"அது எப்படி லா எண்ணுவேன்? கதவே தொறக்கல. கெளம்பினப்புறமும் முழுசாப் பாடல. ஒரு ஏத்தம் ஏறுச்சு, அப்படியே அடங்கிடுச்சு. பக்கத்துலதான் ஸ்டேஷன், எங்க வேகம் எடுக்கும்? அரைப் பாட்ட எவனாச்சும் கணக்குல சேப்பானா?"

பின்னாலிருந்து கவிதாவின் குரல் கேட்டது. "மாமா, அம்மா பத்திரமா வந்துட்டாங்க. நீங்கதான் தொலைஞ்சி போயிட்டீங்க!" காரில் ஓட்டுநரும் நானும் சேர்ந்து சிரித்தோம். என் கண்ணில் தண்ணீர் நிற்கவே இல்லை.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நான் சொன்ன நேரமும் விலையும் அன்றைக்கு எங்களுக்கு அமைந்தவை. கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்கும் அட்டை, இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள், ரயில் கட்டணம் குறையும். சத்தம் எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி கேட்பதில்லை. எங்களுக்கு முதல் பெட்டி சரியாக இருந்தது. வண்டிக்கு வண்டி பாட்டும் மாறும், ஆகையால் முதல் தடவை யாரையாவது கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுப் பழகுங்கள். கூட வருகிறவர் தயவுசெய்து நடுவில் இறங்க வேண்டாம்.

பார்வை போனதிலிருந்து அக்காவை உடைந்த பாத்திரம் மாதிரிதான் நான் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அன்று பயந்து ஓடியவன் நான். உட்கார்ந்து கேட்டவள் அவள். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, அதைவிட நிம்மதியாக இருக்கிறது.

போன சனிக்கிழமை அக்கா தனியாகவே போய், ஞாயிறு மாலை தனியாகவே திரும்பினாள். திங்கள் காலை வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, இன்னும் இரண்டு வருடத்துக்கு வாடகைப் பத்திரம் எழுதச் சொல்லிவிட்டாள். சாட்சிக் கையெழுத்து போடக் கவிதாவே வருகிறாள்.