பங்கிராஸுக்குச் சீனி இறங்குகிறது

"குமுளி, குமுளி... ஒரே சீட்டுத்தான், ஏறுங்க ஆத்தா." கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் இப்படிக் கூவி, வண்டி கொள்ளாத அளவுக்கு ஆட்களை அடுக்குவது பங்கிராஸின் தொழில். கூவலுக்கு நடுவே இருமல் வரும். இருபத்திரண்டு வயதில் ஆள் ஒட்டடைக்குச்சி. சோறு மட்டும் இரண்டு ஆள் சாப்பாடு. வேர்த்த சட்டை காய்ந்தால் முதுகில் உப்புப் பூத்துக் கிடக்கும்.

நன்றாக இருக்கும்போது படு கெட்டிக்காரன். திடீரென்று வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், குமுளிக்குப் போகிறவர்களை எதிர்ப்பக்கம் போகும் கம்பம் வண்டியில் ஏற்றி விடுவான். கேட்டால், "கம்பம் எங்கன இருக்கு?" என்று நம்மையே கேட்பான். இங்கே கள்ளுக்குத் தடை, மலை ஏறினால் கேரளாவில் கள்ளுக்கடை. ஊர் வேறென்ன நினைக்கும்? தலையில் தண்ணீரை ஊற்றி, உப்புப் போட்ட புளித்த மோரைப் புகட்டுவார்கள். தெளியாது. "சரக்கு பலமாட்டம்" என்று சிரிப்பார்கள். பக்கத்து வீட்டிலிருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் மனைவி அமுதா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்வாள். "மதுரை டாக்டர் சொன்னாக. சிஸ்டிக் பைப்ரோசிஸாம், பெறவியிலேயே உள்ள வியாதி. நெஞ்சுச் சளியோட கணையத்தையும் கெடுத்திருச்சாம். ரத்தத்துல சீனி சடக்குனு எறங்கிரும், ஒடனே இனிப்புக் குடுக்கணுமாம்." சர்க்கரை கூடித்தான் கேள்விப்பட்டிருக்கிறோம், குறையுமா? வயிறு முட்டத் தின்ற பிறகும் எப்படி இறங்குகிறது? எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை.

"இன்னொரு தடவ தள்ளாடுனா இங்கன நிக்கக் கூடாது" என்று ஜீப் முதலாளி தவசி சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பெரியாது.

போன வாரம் மறுபடி வந்தது. தவசி அவன் சட்டையைப் பிடித்து, "ஏலே, ஊது" என்றார். ஊதினான். முகர்ந்து பார்த்தார். ஒரு வாடையும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். பங்கிராஸின் கண்ணுக்கு அவர்தான் ஆடியிருக்க வேண்டும்.

"அண்ணே, ஒங்களுக்குச் சீனி எறங்கிருச்சு. பயப்படாதீக."

அமுதா சட்டைப்பையில் போட்டுவிட்டிருந்த மிட்டாயை எடுத்து, நடுங்கும் விரலால் தாளைப் பிரித்து, அவர் வாயில் வைத்தான். வைத்தவன் கால் மடங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

தவசி அடுத்தவர் டம்ளரில் வாய் வைக்காத மனிதர். மண்ணில் மண்டியிட்டார். வாயிலிருந்த மிட்டாயை எடுத்து, அப்படியே அவன் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்தார்.